நாலாயிரம் குழியும் ஒரு தோசைக்கல்லும்

விருத்தகிரிக்குக் காலி இடத்தைக் கண்டால் ஆகாது. பஸ்ஸில் இரண்டு பேர் தாராளமாக உட்கார்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா நிற்க முடியாது. "கொஞ்சம் நவுருங்க, மூணு பேர் ஒக்காரலாம்" என்று சொல்லி எத்தனையோ பேரிடம் வசவு வாங்கியிருக்கிறார். டிபன் கேரியரில் சோற்றுக்கு நடுவே குழம்புக் கிண்ணம், அந்தக் கிண்ணத்துக்குள் ஊறுகாய் டப்பி என்று வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார். மதியம் திறந்தால் மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். "வயித்துக்குள்ள போய் கலக்க வேண்டியத கேரியர்லயே கலந்துட்டேன். வயித்துக்கு வேல மிச்சம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தன்னைப் பார்த்துச் சிரிப்பதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. அடுத்தவன் முந்திக்கொள்வதற்குள் நாமே சிரித்துவிட்டால் பாதி வலி குறையும் என்பது அவர் கட்சி.

இந்தப் புத்தி அவருக்குச் சூளையில் வந்தது. காசியைவிடப் புண்ணியத்தில் ஒரு வீசம் அதிகம் என்று பெருமை பேசுகிற ஊர் எங்கள் விருத்தாசலம். அந்தப் பெருமை போதாதென்று அறுபதுகளில் பீங்கான் பெருமையும் சேர்ந்துகொண்டது. ஊறுகாய் ஜாடியும் டீக் கப்பும் கரண்டுக் கம்பத்துக்கான பீங்கானும் செய்கிற தொழிற்சாலை ஒன்றில், மீசை முளைத்த கையோடு சூளை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார் விருத்தகிரி. காலியாக எரிந்தாலும் நிறைந்து எரிந்தாலும் சூளை தின்கிற கரி ஒன்றுதான். ஆகவே உள்ளே ஒரு சாண் இடத்தைக்கூடச் சும்மா விடக்கூடாது. பெரியதற்குள் சிறியதை வைக்க வேண்டும். ஆனால் நடுவில் மணல் தூவ வேண்டும். தூவாவிட்டால் மேலே பூசிய கிளேஸ் சூட்டில் உருகி, இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

சேர்ந்த புதிதில் விருத்தகிரி ஒரு பெரிய ஜாடிக்குள் டீக் கப் ஒன்றை வைத்தார். மணல் தூவ மறந்தார். வெளியே வந்தபோது கப் ஜாடியின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. இழுத்தும் வரவில்லை, தட்டியும் வரவில்லை. மேனேஜர் ராஜமாணிக்கம் அதைத் தூக்கிப்போட விடாமல் தன் மேஜைமேல் வைத்து, அதில் பேனா போட்டுக்கொண்டார். வருகிறவர்களிடம், "இது நம்ம விருத்தகிரி கண்டுபுடிச்சது. ஜாடியும் இல்ல, கப்பும் இல்ல" என்று அறிமுகம் செய்து வைப்பார். அதற்குப் பிறகு விருத்தகிரி மணல் தூவ மறந்ததே இல்லை. சூளையில் மறந்ததில்லை என்று சொல்ல வேண்டும்.

அறுபத்தாறில் தொழிற்சாலைக்கு ஒரு ஆசை வந்தது. எந்தச் சூளையில் எத்தனை சாமான் போயிற்று, எத்தனை முழுசாக வந்தது, எத்தனை உடைந்தது என்று மாதாமாதம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் மதராஸில் ஒரு கணக்கு மையத்தில் இருந்தது. அதற்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள ஓர் ஆளை அனுப்பச் சொல்லி மேலிடத்தில் உத்தரவு. டிகிரி படித்த இரண்டு குமாஸ்தாக்களில் ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்கு அந்த மெஷின் கரண்ட் அடிக்குமோ என்று பயம். மிச்சம் இருந்தது எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டுச் சூளை அடுக்கிக்கொண்டிருந்த விருத்தகிரி. மையத்தில் பரீட்சை வைத்தார்கள். சதுரத்தையும் முக்கோணத்தையும் பெட்டிக்குள் எப்படி அடைப்பது என்று கேள்விகள். காலையும் மாலையும் அதையேதானே செய்துகொண்டிருந்தார்? முதல் மார்க்கு வாங்கிவிட்டார்.

மெஷினைப் பார்த்ததும் அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அது ஒரு பெரிய பல்லாங்குழி. அதன் மெமரியில் மொத்தம் நாலாயிரம் குழி. ஒரு குழிக்கு ஓர் எழுத்து அல்லது ஓர் இலக்கம். நாம் கொடுக்கிற கட்டளையும் அதற்குள்தான் உட்கார வேண்டும், போட வேண்டிய கணக்கும் அதற்குள்தான் உட்கார வேண்டும். இடம் போதவில்லையென்றால் மெஷின் கையை விரித்துவிடும். "அட, இதுவும் சூளைதான்" என்று சொன்னார் விருத்தகிரி. அன்றைக்கே அவருக்குச் சனி பிடித்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்வார்.

எங்கள் தொழிற்சாலையின் கணக்கு நாலாயிரம் குழிக்குள் அடங்காது, அதைவிடப் பெரிய மெஷின்தான் வேண்டும் என்று மையத்தில் சொன்னார்கள். பெரிய மெஷினுக்கு வாடகை எக்கச்சக்கம். விருத்தகிரி வேட்டியை மடித்துக் கட்டினார். முதலில் ஒரு கணக்குக்கு உபயோகப்பட்ட குழியையே, அது முடிந்ததும் வேறு கணக்குக்குக் கொடுத்தார். ஒரு தடவை மட்டும் தேவைப்படும் கட்டளையை, வேலை முடிந்தவுடன் அழித்துவிட்டு அதன்மேல் எண்களைக் குந்த வைத்தார். சத்திரத்தில் ஒருவன் எழுந்து போனதும் அந்தப் பாயிலேயே அடுத்தவன் படுக்கிற மாதிரி.

கடைசியில் ஒரே ஒரு குழி உதைத்தது. தொழிற்சாலையில் எட்டுச் சூளைகள். அந்த 'எட்டு' என்ற எண்ணை எங்காவது வைத்தாக வேண்டும், வைக்க இடமில்லை. விருத்தகிரி எழுதியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒரு கட்டளை, 'உடைந்த கணக்கைக் கொண்டுபோய் 808ஆம் குழியில் வை' என்று சொன்னது. 808இன் கடைசியில் ஓர் எட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறதே! 'சூளை எத்தனை?' என்று கேட்க வேண்டிய இடத்தில், அந்த எட்டைப் போய்ப் பார்த்துக்கொள் என்று எழுதிவிட்டார். ஒரே எட்டுக்கு இரண்டு வேலை. ஜாடிக்குள் கப்.

புரோகிராம் ஓடியது. மிச்சம் பிடித்த அந்த ஒரு குழியால் எல்லாம் நாலாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. மையத்தில் எல்லோரும் எழுந்து வந்து கையைக் குலுக்கினார்கள். அந்த மிச்சக் குழியைப் பற்றி எங்கள் ஊர் டீக்கடையில் அவர் பேசியதைக் கேட்டவர்கள், ஏதோ நிலம் வாங்கியிருக்கிறார் என்றே நினைத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புரோகிராமுக்கு நடுநடுவே 'இது எதற்காக' என்று மனிதர்கள் படிக்கக் குறிப்பு எழுதி வைக்கலாம். அந்தக் குறிப்புக்கு மெஷினில் ஒரு குழிகூடச் செலவில்லை. மெஷின் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இது விருத்தகிரிக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அவர் எழுதவில்லை. மெஷினுக்கு வேண்டாததை எழுதுவது பந்தியில் இலையை மறைத்துக்கொண்டு நிற்பதைப் போல என்று அவருக்கு ஓர் எண்ணம். "எழுதனவனுக்குத் தெரியாதா எதுக்கு எழுதனோம்னு?" என்பார்.

புரோகிராம் என்பது அப்போது ஒரு பெட்டி நிறைய அட்டைகள்; கட்டளைகளை அவற்றில் ஓட்டைகளாகக் குத்தியிருக்கும். அட்டையில் ஓட்டை போடும் மெஷின் மட்டும் எங்கள் தொழிற்சாலையிலேயே இருந்தது. மாதாமாதம் விருத்தகிரி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி மதராஸ் போவார். சொர்ணாம்பாளைக் கட்டிய புதிதில், மாப்பிள்ளை பெட்டி பெட்டியாகச் சீட்டு எடுத்துக்கொண்டு பட்டணம் போகிறார் என்று திட்டக்குடியில் மாமனார் காதுக்குச் செய்தி போயிற்று. மனுஷர் அலறியடித்துக்கொண்டு வந்து, பெட்டியைத் திறந்து பார்த்து, "ராஜா ராணி ஒண்ணும் இல்லியே, வெறும் ஓட்டையால்ல இருக்குது" என்று ஏமாந்து போனார்.

வருஷங்கள் ஓடின. எழுபத்து மூன்றில் தொழிற்சாலை இன்னொரு ஆளை எடுத்தது. பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி ஒருவரின் மகள் வாசுகி, பி.எஸ்ஸி. கணக்கு. நிமிர்ந்து நடப்பாள், சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவாள். அவள் எழுதிய முதல் புரோகிராமைப் பார்த்த விருத்தகிரிக்கு நெஞ்சு அடைத்தது. பத்துக் குழி போதும் என்கிற இடத்தில் நூறு குழி. ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனி இடம், தனித்தனிப் பெயர். நாலு வரிக்கு ஒரு குறிப்பு.

"என்னாம்மா இது, கலியாண மண்டபத்துல ரெண்டு பேர் படுத்த மாதிரி இருக்குது?" என்றார்.

"படிக்க சுலுவா இருக்கும் சார். நாளைக்கு ஒண்ண மாத்தணும்னா தேட வேணாம்."

"மெமரி என்னா உங்க அப்பா வூட்டு கரும்புத் தோட்டமா?"

"கரும்பக்கூட நெருக்கி நட்டா வெளங்காது சார். நடுவுல ஆள் போவ வழி வுடணும்" என்றாள் வாசுகி. விருத்தகிரி இந்தப் பதிலை மேனேஜர் வரைக்கும் சொல்லிச் சிரித்தார். தன்னைக் கிண்டல் செய்த பதில் நன்றாக இருந்தால் அதை ஊரெல்லாம் சொல்வது அவர் வழக்கம்.

அடுத்த வருஷம் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. மதராஸ் மையத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். தலைமைப் புரோகிராமர் வேலை காலியாக இருக்கிறது, நாலாயிரத்தில் அடக்கிய விருத்தகிரி வருவாரா என்று. விருத்தகிரி வாழ்க்கையில் எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. சூளைக் கரியில் தொடங்கியவன், பட்டணத்தில் ஃபேனுக்குக் கீழே பத்துப் பேருக்கு வேலை சொல்லிக்கொண்டு உட்காரலாம். சொர்ணாம்பாள் அவரைவிட வேகம். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லி, கறவை மாட்டைத் தங்கச்சி வீட்டுக்கு ஓட்டிவிட்டு, மகள்களுக்குப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தையும் விசாரித்துவிட்டாள்.

சாமான் கட்டும் வேலையை விருத்தகிரி தன் கையில் எடுத்துக்கொண்டார். அதில் யாரும் தலையிடக் கூடாது என்று உத்தரவு. தொழிற்சாலையிலிருந்து ஒரு மரப்பெட்டி வாங்கி வந்தார். அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் சட்டி, சட்டிக்குள் டம்ளர், டம்ளருக்குள் கரண்டி, இடுக்குகளில் துணிமணி. மூன்று பெட்டிச் சாமானை ஒரே பெட்டியில் அடக்கி, மூடி போட்டு ஆணி அடித்தார். தட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு சத்தம் வராது. வெளியே ஒரு வாணலியும் இரண்டு பானையும் சாப்பிடும் தட்டுகளும்தான் மிச்சம். "ஒரு எலி பூர எடமில்ல பாத்தியா?" என்றார் பெருமையாக.

மேனேஜர் ராஜமாணிக்கம்தான் கட்டையைப் போட்டார். "போவலாம்யா, யார் வேணாங்கறது? ஆனா உம் புரோகிராம யாரு பாப்பா? அது ஒனக்கு மட்டுந்தானே புரியுது. வாசுகிகிட்ட ஒப்படைச்சிட்டுப் போ. ஒன்பதாஞ் சூள இந்த மாசம் எரியப்போவுது. அதையும் சேத்து கணக்கு சரியா வரட்டும், அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

'ஒனக்கு மட்டுந்தானே புரியுது' என்றதும் விருத்தகிரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒப்படைக்க உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருக்கும் புரியவில்லை.

எட்டு வருஷமாகத் தானாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை அவர் திறந்தே பார்க்கவில்லை. இப்போது பார்த்தால் எவனோ எழுதிய மாதிரி இருந்தது. வாசுகி பென்சிலும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"சார், இந்தக் குழியில மொதல்ல ஜாடி கணக்கு இருக்குது. அப்பறம் கப்பு கணக்கு வருது. எப்ப மாறுது?"

"அது... நேரம் வந்தா மாறிக்கும்மா."

"இந்தக் கட்டளைய நாமே அழிக்கிறோமே, ஏன் சார்?"

"அதுக்கு வேல முடிஞ்சிட்டுது."

"முடிஞ்சிட்டுதுன்னு எப்படித் தெரியும்?"

விருத்தகிரி டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். அந்த மாதம் அவர் குடித்த டீயில் ஒரு சூளை நிறையக் கப் கழுவியிருக்கலாம். "எழுதனவன் மட்டும் என் கையில கெடச்சான்..." என்று டீக்கடையில் பல்லைக் கடிப்பார். பிறகு தானே சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் மட்டும் பயம் ஏறிக்கொண்டே போயிற்று. ஒப்படைக்க முடியாவிட்டால் போக முடியாது. போக முடியாவிட்டால் சொர்ணாம்பாள் முகத்தில் எப்படி விழிப்பது?

கொஞ்ச நாளில் வாசுகி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். தன் மேஜையில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று விருத்தகிரி நிம்மதியடைந்தார்.

வீட்டில் வேறு கூத்து. ஆணியடித்த பெட்டி நடுக்கூடத்தில் குந்தியிருந்தது. ஒரு நாள் சொர்ணாம்பாள் கேட்டாள். "என்னாங்க, அந்த தோசக்கல்ல மட்டும் எடுத்துக் குடுங்க. புள்ளைங்க தோச தோசன்னு உசுர வாங்குதுங்க."

"அது எல்லாத்துக்கும் உள்ள இருக்குது. எடுத்தா மொத்தத்தையும் பிரிக்கணும்."

"ஒரு கல்ல எடுக்க வூட்டையே பிரிக்கணுமா? இது என்னா கட்டு?"

"இன்னும் பத்து நாளுதான். மெட்ராஸ்ல போய் சுட்டுக்கலாம்" என்றார். ஒன்பதாவது சூளை வேலை தள்ளிக்கொண்டே போய், பத்து நாள் இரண்டு மாதமாயிற்று. மகள்கள் பக்கத்து வீட்டு வாசலில், தோசை வார்க்கும் நேரமாகப் பார்த்து விளையாடப் போனார்கள்.

ஒன்பதாவது சூளை எரிந்து, சாமான் வெளியே வந்தது. இப்போது புரோகிராமில் எட்டை ஒன்பதாக்க வேண்டும். நல்ல வேளை, இது விருத்தகிரிக்கு நினைவிருந்தது. சூளை எண்ணிக்கை எந்த அட்டையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்! நேராக அதை உருவினார், எட்டு இருந்த இடத்தில் ஒன்பது போட்டுப் புது அட்டை அடித்துச் செருகினார். "பாத்தியாம்மா? ஒரே அட்ட. இதுக்குப் போய் பயந்தோமே!" என்றார். வாசுகி தன் மேஜைக்குப் போய் மறுபடி எழுத உட்கார்ந்தாள்.

இருவரும் காலை ரயிலில் மதராஸ் போனார்கள். விருத்தகிரி மடியில் பெட்டி. வாசுகி கையில் ஓர் ஒயர்க்கூடை, மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு விருத்தகிரி கேட்கவில்லை.

சின்ன மெஷின் அட்டைகளை விழுங்கிக் காகிதத்தைத் துப்பியது. விருத்தகிரி அதை எடுத்துப் படித்தார். முதல் சூளையில் வைத்த சாமானைப் போலப் பத்து மடங்கு உடைந்திருந்தது. இரண்டாவதில் ஒன்றுகூட உடையவில்லை, ஆனால் ஒன்றுகூட முழுசாகவும் வரவில்லை. புத்தம் புதிய ஒன்பதாவது சூளையில், தொழிற்சாலை தொடங்கிய நாள் முதல் செய்த மொத்தச் சாமானும் உடைந்து கிடந்தது.

"நம்ம ஊர்ல பூகம்பம் வந்தாக்கூட இவ்ளோ ஒடையாது" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கும் சிரிப்பு வரவில்லை. அட்டைகளை மேஜைமேல் பரப்பி, வியர்க்க வியர்க்கத் தேடினார். எந்தக் குழி எந்த நேரத்தில் யாருக்குச் சொந்தம் என்று ஒன்றும் பிடிபடவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று ஆபரேட்டர் வந்து நின்றார்.

அப்போதுதான் வாசுகி ஒயர்க்கூடையின் துண்டை விலக்கினாள். உள்ளே அட்டைகள். "சார், கோச்சிக்காதீங்க. உங்களது எனக்குப் புரியல. அதனால நானா முதல்லேருந்து ஒண்ணு எழுதியிருக்கேன். பெரிய மெஷின்லதான் ஓடும். அது மத்தியானம் கொஞ்ச நேரம் காலியா இருக்குதாம், கேட்டுட்டேன்."

பெரிய மெஷினில் முதல் தடவை அவளுடையதும் தப்பாகத்தான் வந்தது. விருத்தகிரிக்கு, சொல்லப்போனால், ஒரு துளி சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் அவள் காகிதத்தைப் பார்த்தாள், தன் குறிப்பைப் பார்த்தாள், ஓர் அட்டையை உருவி மாற்றினாள். இரண்டாவது தடவை ஒன்பது சூளையும் ஒழுங்காக வரிசையில் நின்றன.

"எத்தன குழி?" என்று கேட்டார் விருத்தகிரி. அவருக்கு அதுதான் வாயில் வந்தது.

"முப்பதாயிரம் கிட்ட ஆவுது சார்."

விருத்தகிரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

மையத்தின் தலைவர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். கணக்கையும் பார்த்தார், வாசுகி எழுதிய தாள்களையும் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது. "அடுத்த வருஷம் சின்ன மெஷினைத் திருப்பிக் கொடுத்துடறோம். இனிமே இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் புரிஞ்சுக்கத்தான் ஆள் இல்லாம திண்டாடறோம். இது கதை மாதிரி இருக்கு, நான்கூடப் படிச்சுடுவேன்!" என்று சொல்லிவிட்டு, விருத்தகிரியின் தோளில் கைபோட்டார். "பிரமாதம் விருத்தகிரி. நீங்க எழுதினதுதானே?"

வாசுகி தரையைப் பார்த்தாள். 'ஆமாம்' என்று சொன்னால் வேலை. ஒன்றும் சொல்லாமல் சிரித்தால்கூடப் போதும், வேலை. ஃபேன், பத்துப் பேர், பட்டணத்துப் பள்ளிக்கூடம், சொர்ணாம்பாளின் முகம் எல்லாம் அவர் தொண்டைக்குள் வந்து நின்றன. வாழ்நாளில் ஒரு சின்ன இடத்தில் இவ்வளவை அடைத்துப் பார்த்ததில்லை என்று பின்னால் சொன்னார்.

"இல்லீங்க. இந்தப் பொண்ணு எழுதனது" என்றார். பிறகு மேஜைமேல் பரப்பியிருந்த அட்டைகளைக் காட்டி, "என்னோடது அந்தா கெடக்குது" என்றார்.

திரும்பி வரும்போது விழுப்புரம் பிளாட்பாரத்தில் டீ வாங்கிக் குடித்தார்கள். பாதி டீயில் விருத்தகிரி, "எட்டு!" என்று கத்தினார். பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த வடை கீழே விழுந்தது.

"என்னா சார்?"

"அந்த எட்டு, சூள மட்டும் இல்லம்மா. எண்ணூத்தியெட்டோட கடைசி எட்டும் அதான்! ஒம்போதுன்னு மாத்துனேனா, கணக்கு ஒரு குழி தள்ளிப் போய் பக்கத்துக்காரன் தலையில ஒக்காந்துட்டுது. அதுக்குப் பின்னாடி அத்தன பேரும் எடம் மாறிட்டானுங்க." சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "மணல் தூவாம வெச்சுட்டேம்மா. மறுபடியும் ஒட்டிக்கிச்சு."

மறுநாள் கணக்கைப் பார்த்ததும் மேனேஜர் ராஜமாணிக்கம் சொன்ன சொல் தவறாமல் பேனாவை எடுத்தார். "வாசுகிதான் பாத்துக்கறாளே. நீ தாராளமா போயிட்டு வாய்யா" என்றார். கையெழுத்துப் போடக் குனிந்தவர் தலை நிமிரவில்லை. நேற்று வரைக்கும் 'ஒனக்கு மட்டுந்தானே புரியுது' என்று கட்டையைப் போட்டவர் அவர்தான். தன்னைப் பிடித்து வைத்திருந்தது தன் கெட்டிக்காரத்தனம் இல்லை, தான் போட்ட முடிச்சுதான் என்று விருத்தகிரிக்கு அந்த இடத்திலேயே உறைத்தது. அந்த வாரமே மதராஸிலிருந்து தகவல் வந்தது. வேலை வாசுகிக்கு.

அதற்கும் ஒரு தடை வந்தது. பெண்ணாடத்தில் வாசுகியின் அப்பா, பெண்ணைத் தனியாகப் பட்டணம் அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். சைதாப்பேட்டையில் அத்தை வீடு இருக்கிறது என்று மகள் சொல்லியும் கேட்கவில்லை. விருத்தகிரி பஸ் ஏறிப் போனார். கரும்புச் சாறு கொடுத்து உட்கார வைத்தார்கள்.

"இங்கியே வேல இருக்குதுங்களே, அங்க எதுக்கு?" என்றார் அப்பா.

"இங்க இருந்தா நான் எழுதி வெச்சிருக்கற மிச்சத்தையெல்லாம் உங்க பொண்ணுதாங்க பாக்கணும். எந்த எதிரிக்கும் அது வரக்கூடாதுங்க. என் பொண்ணா இருந்தா இன்னிக்கே ரயில் ஏத்திடுவேன்" என்றார் விருத்தகிரி. மனுஷருக்குப் பாதி புரியவில்லை. ஆனால் ஒரு பெரிய உத்தியோகஸ்தர் தன்னைத்தானே இப்படித் திட்டிக்கொண்டு பெண்ணுக்காகப் பேசுகிறார் என்றால் அதில் விஷயம் இருக்கும் என்று சம்மதித்துவிட்டார்.

வாசுகி புறப்பட்ட அன்று விருத்தாசலம் ஜங்ஷனுக்கு விருத்தகிரியும் சொர்ணாம்பாளும் போனார்கள். சொர்ணாம்பாள் முறுக்கு டின் கொண்டுபோயிருந்தாள். அதை வைக்க வாசுகி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பாதிப் பெட்டி காலி. எடுத்த எடுப்பில் கை படுகிற மாதிரி சீப்பும் டம்ளரும் மேலே இருந்தன. விருத்தகிரிக்குக் கை துறுதுறுத்தது.

"இவ்ளோ எடத்த சும்மா வுட்டிருக்கியேம்மா?"

"போற எடத்துல எதாவது சேரும்ல சார்?" என்றாள் வாசுகி. குனிந்து இருவர் காலையும் தொட்டுக் கும்பிட்டு ரயிலேறினாள்.

ரயில் மறைகிற வரைக்கும் விருத்தகிரி கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த ரயிலில் தான் போயிருக்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. ரொம்பவும் இருந்தது. அவள் போனதில் சந்தோஷமும் அதே அளவுக்கு இருந்ததுதான் வேடிக்கை. கண்ணைத் துடைத்தார்.

"அழுவுறீங்களா?" என்றாள் சொர்ணாம்பாள்.

"இல்ல, இஞ்சின் பொக."

"சரி. வூட்டுக்கு வந்து அந்த தோசக்கல்ல எடுத்துக் குடுத்துட்டு, மிச்சத்த அப்பறம் அழுவுங்க" என்றாள். குரல் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தும் விட்டாள். பட்டணம் போகாததைப் பற்றி அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விருத்தகிரி சட்டையைக் கழற்றிவிட்டு ஆணிகளைப் பிடுங்கினார். மகள்கள் தட்டோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். சொர்ணாம்பாள் அடுப்பைப் பற்ற வைத்தாள். மாவு தயாராக இருந்தது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். எலி நுழைய இடமில்லாமல், அடுக்கியது அடுக்கியபடி அழகாக இருந்தது.

"எதுக்குள்ள வெச்சீங்க?" என்றாள் சொர்ணாம்பாள்.

விருத்தகிரி அண்டாவைப் பார்த்தார், குண்டானைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.